முள் எடுத்த மீன்

படகுத்துறையை ஒட்டிய அந்தச் சின்ன வெள்ளை அறைக்குள் போகும்போது என் மனைவி பொன்செல்வி அழுதுகொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தவள், "ஏங்க, இங்க இளநி கிடைக்குமா?" என்று கேட்டாள். நடுவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் எதை மறக்க வந்திருக்கிறாள் என்று கேட்க மாட்டேன் என முன்னாலேயே என்னிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

அந்தமான் பக்கம் ஒரு சின்னத் தீவு. துறைமுகத்திலிருந்து விசைப்படகில் மூன்று மணி நேரம். பத்துப் பன்னிரண்டு குடில்கள், தென்னை, வெள்ளை மணல். போன் வேலை செய்யாது. விளம்பரத் தாளில் 'மூன்று நாள் கடற்கரை ஓய்வு' என்றுதான் போட்டிருந்தது. எறும்பு எழுத்தில் கீழே இருந்ததை நான் படகில் வரும்போதுதான் படித்தேன். மூன்று நாளைக்கு உங்களுக்கு வேண்டாத ஒரு நினைவை இங்கே பூட்டி வைக்கலாம். கிளம்பும்போது திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

டாக்டர் நஸ்ரின் எனக்கு விளக்கினார். முப்பத்தைந்து வயதிருக்கும். செருப்பில்லாமல் மணலில் நடக்கிற டாக்டரை அன்றுதான் பார்த்தேன்.

"ஒரு நினைவை எடுத்துப் பாக்குற ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் இளகும் சார். அப்புறம் திரும்ப இறுகிக்கும். இளகி இருக்குற நேரத்துல ஒரு சொட்டு மருந்து குடுத்தா, அதுக்கும் அதோட ஒட்டினதுக்கும் போற வழி எல்லாம் அடைஞ்சு போயிடும். நினைவு உள்ளேயேதான் இருக்கும். போய்ச் சேர முடியாது."

"அப்ப மோட்டார்ல ஒரு காயிலை மட்டும் லைன்ல இருந்து கழட்டி வைக்கீங்க."

"நீங்க மெக்கானிக்கா?"

"மோட்டார் வைண்டிங். கோயம்புத்தூர்ல கடை. திரும்ப மாட்டணும்னா?"

"அவங்களுக்குன்னே செஞ்ச இன்னொரு சொட்டு இருக்கு. சாவின்னு சொல்லுவோம். ஒரு வருஷம் தாங்கும். அதுக்குள்ள குடிக்கலைன்னா பூட்டு துருப்பிடிச்ச மாதிரி ஆயிடும். பிறகு யாராலயும் திறக்க முடியாது."

"மறந்த இடம் பள்ளமாத் தெரியாதா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தெரியாது சார். மனசு அந்த இடத்துல ஏதாவது ஒரு காரணத்தைப் போட்டு நிரப்பிக்கும். அதுல அது கெட்டிக்காரன்."

இவ்வளவு தூரம் ஏன் வந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். எங்களுக்குத் தூத்துக்குடி. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம், குழந்தை இல்லை. உப்புக் காற்றில் செம்புக் கம்பி பச்சை பூத்துப்போகிறது என்று போன வருடம் கடையைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூருக்கு வந்தோம். வந்த நாளிலிருந்து செல்வி செல்வியாக இல்லை. குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறைக்குள் அழுவாள். தண்ணீர் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைப்பு. நாற்பத்தொரு கிலோவுக்கு வந்துவிட்டாள். பீரோ சாவி எப்போதும் இடுப்பில்தான். என் அக்கா போன் பண்ணினால், பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டு, "செல்வி எப்படி இருக்கா?" என்பாள். கேட்டவுடன் அழுவாள். எல்லோருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது, கட்டின புருஷனுக்கு மட்டும் தெரியவில்லை.

வேறு ஒருத்தனா என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்த வாயை உப்பு வைத்துத் தேய்க்க வேண்டும். ஆனாலும் நினைத்தேன். ஒருநாள் அடுப்பங்கரையில் கத்தியோடு அவள் நின்ற நிலையைப் பார்த்துப் பயந்துபோய்க் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுவா இருந்தாலும் சொல்லு செல்வி" என்று கெஞ்சினேன். "மூணு நாள், மூணு நாள் மட்டும் எனக்கு ஒண்ணை மறந்து இருக்கணும். கூட்டிட்டுப் போறீங்களா? என்னன்னு கேக்கக் கூடாது" என்றாள். கேட்கவில்லை.

முதல் நாள் மதியம் சாப்பாட்டுக் கொட்டகையில் சாளை மீன் குழம்பு. சாளையில் சதையைவிட முள் அதிகம். செல்வி சோற்றைப் பிசைவதற்கு முன்னால் ஒரு மீனை எடுத்து, நடுமுள்ளை உருவி, சின்ன முட்களை விரலால் தடவித் தடவிப் பொறுக்கி, வெறும் சதையை உதிர்த்து இலையின் ஓரத்தில் குவித்தாள். பிறகுதான் தான் சாப்பிட ஆரம்பித்தாள். குவியலைத் தொடவில்லை.

"யாருக்கு இது?"

அவள் குனிந்து பார்த்தாள். தான் செய்ததை அப்போதுதான் பார்ப்பவள் மாதிரி இருந்தது அவள் முகம். "தெரியல. உங்களுக்குத்தான், வேற யாருக்கு?" என்று என் இலைக்குத் தள்ளினாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பன்னிரண்டு வருடத்தில் எனக்கு யாரும் முள் எடுத்துக் கொடுத்ததில்லை. ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டேன். அன்று மாலை அவள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து அலைக்கு அலை கத்தினாள். தீவு நாய் ஒன்று எங்கிருந்தோ ஓடிவந்து என் காலை நக்கி, ரொம்ப நாள் பழகியது போல மேலே விழுந்து புரண்டது. "நாய்க்குக்கூட மச்சானைப் புடிச்சுப்போச்சு" என்றாள். மச்சான் என்று அவள் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று!

இரவு பாறை மீன் வறுவல். மறுபடி முள் எடுத்துக் குவித்தாள். மறுபடி நான் சாப்பிட்டேன்.

இரண்டாம் நாள் அந்தக் கூத்து நடந்தது. கரையோரத்துத் தேநீர்க் கொட்டகையில் மேசை மின்விசிறிக்குப் பிளக் இல்லை. வயரின் இரண்டு முனையையும் சீவி, சுவர் சாக்கெட்டின் துளைகளில் சொருகி, ஆடாமல் இருக்கத் தீக்குச்சி வைத்து இறுக்கியிருந்தார் கடைக்காரர். ஊர் உலகத்தில் எல்லா மெக்கானிக்கும் செய்கிற வேலைதான். கோயம்புத்தூருக்கு வந்த பிறகு நான் செய்வதில்லை. எந்த வயராக இருந்தாலும் முதலில் பிளக் மாட்டிவிட்டுத்தான் மறுவேலை. 'பிளக் பாண்டி' என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி பேசுவார்கள். ஏன் இப்படி ஆனேன் என்று நானும் யோசித்ததில்லை.

அந்தத் தீக்குச்சியைப் பார்த்தேன். அடுத்து என்ன செய்தேன் என்று சரியாக நினைவில்லை. மின்விசிறி தரையில் உடைந்து கிடந்தது. கடைக்காரரின் சட்டையைப் பிடித்திருந்தேன். "அறிவு கெட்டவனே, பிள்ளை குட்டி வந்து போற இடத்துல..." என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். அந்தத் தீவில் ஒரு குழந்தைகூடக் கிடையாது. செல்வி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கடைக்காரர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. "தப்புத்தான் அண்ணே, உங்க கண்ணுல படற மாதிரி வச்சிருக்கக் கூடாது" என்றார்.

அரை மணி நேரத்தில் டாக்டர் நஸ்ரின் வந்துவிட்டார். நான் மணலில் உட்கார்ந்திருந்தேன். கை நடுக்கம் நிற்கவில்லை.

"எனக்கு என்ன ஆச்சு டாக்டர்? நான் எறும்பைக்கூட மிதிக்காதவன்."

அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதை விடுங்க. செல்வி சாப்பிடும்போது முள் எடுத்து எடுத்து வைக்கா. யாருக்குன்னு அவளுக்கே தெரியல. அது என்னது?"

"எங்க மருந்து தலைக்குள்ளதான் வேலை செய்யும் சார்" என்றார் மெதுவாக. "கைக்குப் போகாது. கை மறக்காது."

மாலையில் நானும் செல்வியும் கரையில் நடந்தோம். கிளிஞ்சல் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டாள். ஒரே நாளில் கன்னத்தில் சதை வைத்தது போல இருந்தது. திடீரென்று நின்றாள்.

"ஏங்க, நாளைக்கு எனக்கு அந்தச் சொட்டைக் குடுப்பாங்களாமே."

"ஆமா."

"அதுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியல. ஆனா அதை வாங்கவே மனசு வரல. இப்படியே இருந்துரக் கூடாதா?" என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "என்னை அங்க திரும்ப அனுப்பாதீங்க."

அங்க என்று அவள் சொன்னது கோயம்புத்தூரை அல்ல. அந்த அழுகையை, கத்தி பிடித்து நின்ற அந்த அடுப்பங்கரையை. நான் அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். அந்தச் சாவியை அவள் குடிக்கவிடக் கூடாது. குடித்தால் ஆறு மாதம்கூட அவள் இருக்க மாட்டாள். எனக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது.

மூன்றாம் நாள் காலை, அவள் குளிக்கப் போன நேரத்தில் சாவி அறைக்கு ஓடினேன். அதன் பொறுப்பு ரோஸ்மலர் என்கிற அம்மாளிடம். அந்தமானிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி, ஐம்பது வயதுக்கு மேல். சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு.

"என் சம்சாரத்து சாவியைக் கொட்டிருங்க" என்றேன்.

"அது ஆகாது அண்ணே. வேணுமா வேண்டாமான்னு அவங்கதான் சொல்லணும். அதோட, எப்படியும் என்னைக் குடிக்க வச்சிருங்கன்னு வரும்போதே எழுதிக் குடுத்திருக்காங்க."

"அது அழுதுகிட்டு இருந்தவ எழுதினது. இப்ப சிரிக்கிறவகிட்டக் கேளுங்க."

"ரெண்டு பேரும் ஒருத்திதானே?"

கும்பிட்டேன். காலில் விழப் போனேன். அவள் நகர்ந்துகொண்டதும் வெறி பிடித்துப்போய்க் குப்பி வரிசைக்குப் பாய்ந்தேன். பொன்செல்வி என்ற சீட்டு கண்ணில் பட்டது. எடுத்தும்விட்டேன். மூடியைத் திருகும்போதுதான் பக்கத்தில் இருந்த குப்பியின் சீட்டைப் பார்த்தேன். செந்தூர்பாண்டி, தூத்துக்குடி. அது என் பெயர்.

"உக்காருங்க அண்ணே" என்றாள் ரோஸ்மலர். அவள் குரலில் அதட்டல் இல்லை. "இன்னைக்குச் சாயங்காலத்தோட அதுக்கு வருஷம் முடியுது. கொட்டுறதுக்கு முன்னாடி உரியவங்ககிட்டக் கேக்கணும், அது எங்க விதி. நீங்களா வரலைன்னா நானே வந்திருப்பேன். அவருகிட்டச் சொல்லாதீங்க, அப்படியே போகட்டும்னு வந்த அன்னைக்கே செல்வி அக்கா என் கையைப் புடிச்சு அழுதாங்க. நான் வாக்குக் குடுக்கல."

"நான் இங்க வந்ததே இல்ல."

"போன வருஷம் இதே நாள்ல வந்தீங்க. பூட்டினதோட அந்தப் பயணத்தையும் சேத்துப் பூட்டிருவோம். நாய் மட்டும் மறக்கல போல."

ஒரு மூடிய உறையைக் கொடுத்தாள். மேலே இருந்தது என் கையெழுத்து. படிப்பைப் பாதியில் விட்டவனுடைய கோணல் எழுத்து, வேறு எவனுக்கும் அப்படி வராது.

'செந்தூர்பாண்டிக்குச் செந்தூர்பாண்டி எழுதுவது. உனக்கும் செல்விக்கும் ஒரு பாரம் இருக்கிறது. என்ன பாரம் என்று இதில் எழுத மாட்டேன். எழுதினால் குடிக்காமல் ஓடிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து சுமந்து பார்த்தோம். முடியவில்லை. நான் இரண்டு தடவை சாகப் போய் அவள்தான் இழுத்து வந்தாள். இரண்டு பேருமே இறக்கி வைத்துவிடலாம் என்று இங்கே சொன்னார்கள். செல்வி மாட்டேன் என்றுவிட்டாள். யாராவது ஒருத்தர் நெஞ்சில் அது இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நாம் மனுஷர்கள் இல்லை என்றாள். அதனால் முறை வைத்துக்கொண்டோம். ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றிக் காவல் இருப்போமே, அப்படி. முதல் வருஷம் அவள் முழித்திருப்பாள், நான் தூங்குவேன். நீ இதைப் படிக்கும்போது உன் முறை வந்துவிட்டது. அவள் வேண்டாம் என்று தடுப்பாள். கேட்காதே. குடி.'

ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. எழுதியவன் என்னைச் சரியாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறான். வாசல் வரை போனேன். வெளியே செல்வி ஈரத் தலையோடு நாயைத் துரத்திக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாகத் தனியாகத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதவள். அவளைப் போய் நான் சந்தேகப்பட்டேன். அவள் முறை முடிந்த பிறகும் மூன்றே நாள் போதும், மீதியை நானே சுமக்கிறேன் என்று வந்திருக்கிறாள்.

திரும்பி வந்து குடித்தேன். கசக்கக்கூட இல்லை.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு என் வலது தோளில் ஒரு கனம் தெரிந்தது. ஏழு வயதுப் பையன் உட்கார்ந்தால் இருக்கும் கனம். அப்புறம் வார்னிஷ் வாசனை, தூத்துக்குடிக் கடை, ஞாயிற்றுக்கிழமை. புதிதாகக் காயில் கட்டிய மோட்டாரை ஓட்டிப் பார்க்கிறேன். பிளக் இல்லை. வயரைச் சொருகித் தீக்குச்சி வைத்து இறுக்குகிறேன். கை கழுவப் பின்பக்கம் போகிறேன். "அப்பா, சாப்பிட வருவியாம், அம்மா கூப்பிடுதா" என்ற குரல் கேட்கிறது. "தொடாத பாரி, இந்தா வாரேன்" என்கிறேன். குச்சி நழுவி வயரின் ஒரு முனை மட்டும் கழன்று விழுகிறது, மற்றது உள்ளேயே இருக்கிறது. விழுகிற வயரை எனக்கு உதவுவதாக நினைத்து அவன் பிடிக்கிறான்.

பாரிவேல். என் மகன். எங்களுக்குக் குழந்தை இல்லை என்று ஒரு வருடம் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அன்று வீட்டில் அவன் தட்டில் சோறு போட்டு, முள் எடுத்த மீனை ஓரத்தில் குவித்து, ஈ மொய்க்காமல் இன்னொரு தட்டால் மூடிவைத்துவிட்டுத்தான் செல்வி அவனை என்னிடம் அனுப்பினாள். அந்தத் தட்டு மூன்று நாள் அப்படியே இருந்தது. எடுக்க அவள் யாரையும் விடவில்லை.

எவ்வளவு நேரம் அந்த அறையின் தரையில் கிடந்தேன் என்று தெரியாது. ரோஸ்மலர் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் ஊளையிட்டதாகப் பிறகு சொன்னாள்.

கிளம்பும் நேரம் செல்வியைக் கூப்பிட்டார்கள். குப்பியைக் காட்டி, "நீங்க முன்னாடி எழுதிக் குடுத்தது இது. இப்ப என்ன சொல்றீங்க அக்கா?" என்று கேட்டாள் ரோஸ்மலர். செல்வி என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, குடிக்கட்டுமா?"

அவள் கையைப் பிடித்து, மகனே, வா, உன் அம்மாவிடம் போ என்று அவனைத் தோளிலிருந்து இறக்கிவிடலாம் என்று ஒரு கணம் ஆசையாக இருந்தது. இரண்டு பேருமாக அழலாம். தனியாக ஒரு வருடத்தை அவள் எப்படித் தாங்கினாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் அரை மணி நேரத்திலேயே செத்துக்கொண்டிருந்தேன்.

"வேண்டாம்" என்றேன். "எங்கிட்டக் குடுங்க. ஒரு வருஷம் தாங்கும்ல, நான் வச்சிருக்கேன்."

செல்வியும் வேண்டாம் என்று தலையாட்டியதும் ரோஸ்மலர் தந்த குப்பியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் போட்டேன். செல்வி முகம் மலர்ந்து என் கையைக் கோத்துக்கொண்டாள்.

படகில் மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்திருந்தார்கள். சாளைப் பொரியல். அவள் கடல் காற்றில் முடியை ஒதுக்கிக்கொண்டு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். விரல் மட்டும் தன் பாட்டுக்கு நடுமுள்ளை உருவிச் சின்ன முட்களைப் பொறுக்கியது. குவியலை என் தட்டுப் பக்கம் தள்ளினாள்.

"சாப்பிடுங்க."

"எனக்கு வேண்டாம் செல்வி."

"மூணு நாளா வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டீங்க. இன்னைக்கு என்ன வந்துச்சு? கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்கு?"

"உப்புக் காத்து."

"கடக்கரையில பொறந்தவருக்கு உப்புக் காத்து ஆவலையாக்கும்" என்று சிரித்தாள். கையைக் கழுவினாள். தட்டுகளை அடுக்கப் போனவள், மீன் இருந்த தட்டிடம் வந்ததும் நின்றுவிட்டாள். கடலில் கொட்ட மனம் வரவில்லை போலிருக்கிறது. பிறகு இன்னொரு தட்டை எடுத்து அதன் மேல் கவிழ்த்து மூடினாள்.

"இருக்கட்டும், ஈ மொய்க்கும்" என்றாள்.

நடுக்கடலில் ஒரு ஈகூட இல்லை.